பேர் விழுந்தாச் சரி!

மனிதருக்கு முகம் வேறு, குரல் வேறு, நடை வேறு. அவ்வாறே ஒவ்வொருவர் நாவிலும் அவர்க்கே உரிய சொல்லொன்று குடியிருக்கின்றது. ஆசிரியர் ஒருவர் இரண்டு வசனத்துக்கு ஒருதரம் "விளங்குதோ?" என்பார். சட்டத்தரணி ஒருவர், வீட்டிலே கறிக்கு உப்புக் குறைந்ததெனச் சொல்லவும் "அதாவது" என்றே தொடங்குவார். கமக்காரர் ஒருவர் மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் "என்ன செய்யிறது" என்று பெருமூச்செறிந்தே வரம்பில் ஏறுவார். பிள்ளைகள் அச்சொல்லைப் பற்றிக்கொண்டு அவருக்கே அதனைப் பட்டப்பெயராகச் சூட்டிவிடுவர். ஊரெல்லாம் அதனை அறியும். சொல்பவர் மட்டும் அறியார்.

தமிழிலக்கணம் இவ்வியல்பை அறியாததன்று. தமக்கெனப் பொருளின்றி, வாக்கியத்தைச் சார்ந்தும் நிரப்பியும் நிற்கும் சொற்களை அசைநிலை என்றும் இசைநிறை என்றும் தொல்காப்பியர் இடையியலிலே வகுத்து வைத்தார். ஆயின், எமது வாய்ப்பழக்கச் சொற்கள் யாவும் பொருளற்ற அசைகள்தாமோ? அல்ல என்பதே எமது துணிபு. ஒருவர் நாள்தோறும் நூறுமுறை சொல்லும் சொல், அவர் வாழ்ந்த வாழ்வின் சுருக்கமாகும். ஒரு சமூகம் நாள்தோறும் சொல்லும் சொல்லிலோ அச்சமூகத்தின் வரலாறே அடங்கிக் கிடக்கும்.

1954 முதல் 1963 வரை சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக இருந்த காமராசரின் வாய்ச்சொல் தமிழ்கூறும் நல்லுலகம் எங்கும் பிரசித்தமானது. "ஆகட்டும், பார்க்கலாம்" என்பதே அது. அவர் வாயில் அச்சொல் பிறந்தால் காரியம் கவனிக்கப்படும் என்ற நம்பிக்கை மக்களுக்கு இருந்தது. அதே "பார்க்கலாம்" ஒரு கந்தோர் எழுதுவினைஞரின் வாயில் பிறந்தால், அன்றோடு அக்காரியம் முடிந்தது என்றே நாம் குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகின்றோம். சொல் ஒன்றே. சொல்பவர் நிற்கும் இடமும், கேட்பவர் நிற்கும் இடமும் அதன் பொருளை மாற்றிவிடுகின்றன.

இவ்வுண்மையை இலங்கையில் எங்கேனும் தெளிவுறக் காணவேண்டுமாயின் நுவரெலியா, ஹட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களுக்குச் செல்லுதல் வேண்டும்.

ஒரு முதியவரின் சொல்

பொகவந்தலாவைக்கு அணித்தான தோட்டமொன்றிலே பல ஆண்டுகளுக்கு முன்னர் யாம் கண்ட முதியவர் ஒருவர். கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்ப்பேறிய கைகள். தோளிலே பழைய கம்பளித் துண்டு. எதைக் கேட்டாலும் அவருடைய பேச்சு ஒரே இடத்தில் வந்து முடியும். உடம்பு எப்படி இருக்கிறது என்றால், "இருக்கேங்க. பேர் விழுந்தாச் சரி" என்பார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தாயிற்றா என்றால், "பையன் வேலக்காரன்தாங்க. பேர் விழுந்தாச் சரி" என்பார். மாரியம்மன் திருவிழாவன்று மழை கொட்டித் தேர் நின்றுபோனால், "நாளைக்காவது வெளிச்சுப் பேர் விழுந்தாச் சரி" என்று தலையைத் துவட்டிக்கொள்வார். லயத்துச் சிறுவர்கள் அவரைப் "பேர் விழுந்த தாத்தா" என்றே அழைத்தனர். அவர் அதற்குச் சினந்ததில்லை. "வாங்கடா" என்று சிரிப்பார்.

யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருந்து செல்லும் ஒருவர் இச்சொல்லைக் கேட்டால் முதலில் மயங்குவார். எம்மிடையே "பேர் எடுத்தான்" என்றால் புகழடைந்தான் என்பது பொருள். "பேரைக் கெடுத்தான்" என்றால் குலத்துக்கு இழுக்குத் தேடினான் என்பது பொருள். தோட்டத்திலோ பேர் என்பது ஒரு நாட்கூலி. காலையிலே பெரட்டுக் களத்தில் நின்று, மலைக்குச் சென்று, குறித்த எடை கொழுந்து பறித்து, மடுவத்திலே நிறுத்துக் கொடுத்தபின், கணக்கப்பிள்ளை செக்ரோலில் அவர் பெயருக்கு நேரே அன்றைய வேலையைப் பதிந்தால், அன்றைக்குப் பேர் விழுந்தது. எடை குறைந்தால், அல்லது மழையால் வேலை இடையில் நின்றால், அரைப்பேர் விழும். பெரட்டுக்குப் பிந்தி வந்து திருப்பி அனுப்பப்பட்டால் அன்றைக்குப் பேர் இல்லை.

மனிதருடைய பெயரும் அவருடைய நாட்கூலியும் ஒரே சொல்லாகிவிட்ட உலகம் அது. அங்கே பெயர் என்பது பெற்றோர் ஒருமுறை இட்டு, வாழ்நாளெல்லாம் நிலைத்து நிற்பதன்று. நாள்தோறும் காலையிலே உழைத்துப் பெறவேண்டியது. அந்தியிலே ஒருவருடைய பேனாமுனையால் முழுமையாகவோ பாதியாகவோ வழங்கப்படுவது. அம்முதியவர் தம்மை அறியாமல் சொல்லிவந்த வாய்ப்பழக்கத்தில் இத்தனையும் அடங்கியிருந்தன.

சொற்கள் வந்த வழி

ஒரே தொழில் செய்வோர் தமக்குள் வழங்கும் சொற்களைக் குழூஉக்குறி என்றனர் இலக்கண நூலார். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்றும், யானைப்பாகர் ஆடையைக் காரை என்றும் வழங்கியதை நன்னூலுக்கு உரை கண்டோர் எடுத்துக்காட்டுவர். அக்குறிகள் அத்தொழிலாளர் தாமே தமக்கென ஆக்கிக்கொண்டவை. தோட்டத்துச் சொற்களிலும் அவ்வாறு தொழிலாளர் தாமே ஆக்கியவை உண்டு. மேலிருந்து இறக்கப்பட்டவையும் உண்டு. இவ்விரண்டையும் வேறுபிரித்து அறிதல் வேண்டும்.

கோப்பிப் பயிர் செழித்த காலத்திலேயே தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து மக்கள் கொண்டுவரப்பட்டனர். கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளையை நோக்கி நடந்து வந்தோர் அவர்கள். நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்திலே தேயிலையைப் பெருந்தொழிலாகப் பயிரிட்டார். பின்னர் கோப்பி நோயால் அழிய, மலைகள் யாவும் தேயிலையாயின. ஆட்களைச் சேர்த்து அழைத்து வந்தவர் கங்காணி. வழிச்செலவும் முன்பணமும் தொழிலாளியின் தலையிலே கடனாக ஏறின. அக்கடன் இவ்வளவு என எழுதிய சீட்டுக்குத் "துண்டு" என்று பெயர். அத்தொகையைச் செலுத்தும் தோட்டத்துக்கு அத்தொழிலாளி மாற்றப்படுவார். ஒரு காகிதத் துண்டிலே மனிதருடைய வாழ்வு கைமாறிய அம்முறை 1921ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே ஒழிந்தது. வேலைக்கு வந்த ஆட்களை எண்ணிக் கங்காணிக்குக் கொடுக்கப்பட்ட காசைத் தலைக்காசு என்றனர். ஆளுக்கு அங்கே தலை என்று பெயர்!

படை அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே பெரட்டு ஆயிற்று. வரிசை வீடுகளுக்கு இட்ட ஆங்கிலப் பெயர் லயமாயிற்று. அறையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல் காம்பரா ஆயிற்று. எமது ஊர்களிலே சின்னத்துரை என்பது பெற்றோர் அன்போடு இடும் பெயர். அங்கே அது உதவி அதிகாரியின் பதவி. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. வெள்ளையர் போயினர்; உள்நாட்டவர் வந்தனர். ஆயினும் "சலாங்க தொரை" என்னும் சொல் போகவில்லை. கொடி மாறியது, முதலாளி மாறினார், நாவிலே படிந்த சொல் மட்டும் மாறாமல் நின்றது.

இவை மேலிருந்து வந்த சொற்கள். கீழிருந்து எழுந்தவையோ வேறு. கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு பெண்கள் நிரை பிடித்து நிற்க, முதற் கொழுந்தைக் கிள்ளும்போது "பொலி, பொலி" என்று ஒலியெழுப்பும் வழக்கம் தோட்டங்களில் உண்டு. அது நெற்களத்துச் சொல். பொலிக என வாழ்த்தி நெல் அளந்த உழவரின் பேரர்கள், நெல் விளையாத மலையிலே, தமக்குச் சொந்தமாகாத பயிரையும் அதே வாய்மொழியால் வாழ்த்தினர். காணி போயிற்று, களம் போயிற்று. உழவரின் சொல்லை மட்டும் அவர்கள் கடல் கடந்து காத்து வந்தனர். வன்னியிலும் மருதநிலத்திலும் சூடு மிதித்த கமக்காரர்க்கு இச்சொல்லின் உறவு எத்தகையதென நாம் எடுத்துச் சொல்லவேண்டுவதில்லை.

நாடு வெட்டிய பேர்

செக்ரோலிலே பேர் விழாவிட்டால் ஒருநாட் கூலி போகும். நாட்டின் இடாப்பிலே பேர் விழாவிட்டால் போவது யாது?

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் நுவரெலியா, தலவாக்கலை, மஸ்கெலியா முதலிய தொகுதிகளிலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரசின் பிரதிநிதிகள் பாராளுமன்றம் சென்றனர். சௌமியமூர்த்தி தொண்டமான் அவர்களுள் ஒருவர், எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை மற்றொருவர். அடுத்த ஆண்டிலேயே, சுதந்திரத்தின் வாழ்த்தொலி அடங்குமுன்னர், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் பறிக்கப்பட்டது. ஏறத்தாழ 7 இலட்சம் மக்களின் பேர் ஒரே வெட்டில் வெட்டப்பட்டது. 1952ஆம் ஆண்டுத் தேர்தல் நடந்தபோது அவர்கள் வாக்களிப்போரைப் பார்த்து நிற்போராயினர். தோட்ட மக்களின் வாக்குப் பலத்தால் தொண்டமான் மீண்டும் தேர்தலில் வென்று பாராளுமன்றம் புக 1977ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது.

1964 ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தனர். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு. 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது. 1974இல் இந்திரா காந்தியோடு செய்த உடன்பாட்டில் அவ்வெச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டனர். அம்மக்களிடம் எவரும் கேட்டிலர். கங்காணி தலையை எண்ணியது போலவே அரசுகளும் எண்ணின. அக்காவும் தங்கையும் இரண்டு நாட்டுப் பிரசைகளாயினர். தலைமன்னாருக்குச் செல்லும் புகையிரதத்தைப் பிடித்து ஓடி, அழுது நின்றவர்களின் குரல் ஹட்டன் புகையிரத நிலையத்துக்கு நன்கு தெரியும்.

இதனிடையே "கள்ளத்தோணி" என்ற சொல் அரசியல் மேடைகளிலே மலிந்தது. சிங்களப் பேச்சிலும் அப்படியே வழங்கும் தமிழ்ச் சொல் அது. தமிழர்மீது எறிவதற்குத் தமிழே கல்லாயிற்று! உண்மை யாது? இம்மக்கள் களவாக வந்தவரல்லர். மண்டபத்திலே இலங்கை அரசே முகாம் அமைத்து, அவர்களை நிறுத்தி, நோய் பார்த்து, பதிந்து, அழைத்து வந்தது. அழைத்தவன் வாசலைத் திறந்துவிட்டுப் பின்னர் கள்வன் என்று கூவுவது எந்த நீதி? ஆயினும் வாய்ப்பழக்கத்துக்கு ஆதாரம் வேண்டுவதில்லை. நூறுமுறை சொல்லப்பட்ட பொய், எவரும் கேள்வி கேளாத வாய்ச்சொல்லாகி, சட்டத்துக்கு வழி செய்துவிடுகின்றது.

பார்ப்போம் என்னும் பதில்

தோட்டத்து வாய்ச்சொற்களுள் யாம் பெரிதும் அஞ்சுவது இரண்டு. மேலிடத்தார் சொல்லும் "பார்ப்போம்" ஒன்று. அதற்கு விடையாகத் தொழிலாளர் சொல்லும் "சரிங்க" மற்றொன்று. லயத்துக் கூரை ஒழுகுகிறது என்றால் பார்ப்போம். பாதை உடைந்து நோயாளியைத் தோளில் சுமக்கவேண்டியிருக்கிறது என்றால் பார்ப்போம். காணியும் வீடும் சொந்தப் பெயரில் வேண்டும் என்றால், தேர்தலுக்குத் தேர்தல் பார்ப்போம். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாய் என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோது, அப்பேர் முழுமையாக விழுவதற்குப் பறிக்கவேண்டிய கொழுந்தின் எடை கூட்டப்பட்டதென்ற முறைப்பாடு தோட்டங்களில் எழுந்தது. அதற்கும் மறுமொழி பார்ப்போம் என்பதே.

"சரிங்க" என்னும் சொல்லைக் குறை கூறுதல் எளிது. அடிமைப்புத்தி என்று நகரத்திலிருந்து செல்வோர் எழுதிவிடுவர். அது நேர்மையன்று. வீடும் வேலையும் ஒருவரே கொடுக்குமிடத்தில், எதிர்த்துப் பேசினால் வேலையோடு கூரையும் போகுமிடத்தில், "சரிங்க" என்பது ஒருவர் தம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் குடையாகும். ஆனால், மழை விட்ட பின்னரும் குடையை மடக்க மறந்துபோவதே வாய்ப்பழக்கத்தின் தீமை. தந்தை அச்சத்தால் சொன்னதை மகன் வழக்கத்தால் சொல்வான். பேரனோ அதனைத் தன் இயல்பென்றே எண்ணிக்கொள்வான்.

இவ்வழக்கத்தை உடைக்க முயன்றோர் இல்லாமற் போகவில்லை. கோ. நடேசையர் தோட்டத்துக்குள் அந்நியர் புகமுடியாத காலத்திலே புடைவை வியாபாரியாக வேடமிட்டுப் புகுந்தார் என்பர். 1931இல் அவர் ஹட்டனிலே தோட்டத் தொழிலாளருக்கெனச் சங்கம் அமைத்தார். அவர் மனைவியார் மீனாட்சி அம்மாள் கூட்டங்களிலே பாடி மக்களை எழுப்பினார். துரை, கங்காணி, கணக்கப்பிள்ளை என்ற சொற்களுக்கிடையே "சங்கம்" என்ற புதுச்சொல் லயத்துக்குள் நுழைந்தது. பின்னர் தொழிலாளருள் ஒருவரே "தலைவர்" என அழைக்கப்பட்டார். 1940இல் முல்லோயாத் தோட்டத்துப் போராட்டத்திலே கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையானார். அன்று செக்ரோலில் அவருக்குப் பேர் விழுந்திருக்கமாட்டாது. வரலாற்றில் விழுந்தது.

சி. வி. வேலுப்பிள்ளை தாம் எழுதிய நாவல் ஒன்றுக்கு "இனிப் படமாட்டேன்" என்று பெயரிட்டார். லயத்தில் எவரும் சொல்லக்கூடிய இரண்டே சொற்கள் சேர்ந்த எளிய பேச்சு அது. "சரிங்க" என்ற சொல்லுக்கு அம்மக்களின் நாவிலேயே விடை இருந்தது என்பதற்கு அத்தலைப்பே போதும்.

எமது வாயைப் பார்ப்போம்

இதுகாறும் மற்றவர் வாயைப் பற்றிப் பேசினோம். இப்போது எமது வாய்க்கு வருவோம். இக்கட்டுரையைப் படிப்போருள் ஆசிரியர் உண்டு, வைத்தியர் உண்டு, சட்டத்தரணி உண்டு, நெல்லும் வெங்காயமும் புகையிலையும் செய்யும் கமக்காரர் உண்டு. நெஞ்சிலே கைவைத்துச் சொல்லுங்கள்: "தோட்டக்காட்டான்" என்ற சொல் எமது வீடுகளிலே ஒலித்ததில்லையா? வீட்டுவேலைக்குக் கொண்டுவந்த மலையகச் சிறுமியை "அது", "இது" என்று அஃறிணையிலே அழைத்ததில்லையா? தந்தை வயதினரான கூலியாளை "டேய்" என்று விளித்ததில்லையா? பகைமையினால் சொன்னோம் என்று யாம் கூறவில்லை. பழக்கத்தினால் சொன்னோம். அதுவே இதன் கொடுமை.

1949 டிசெம்பரிலே தமிழரசுக் கட்சி தோன்றியபோது அதற்குக் காரணமாயிருந்தவற்றுள் இம்மக்களின் பிரசாவுரிமைப் பறிப்பு முதன்மையானது. "தமிழ்பேசும் மக்கள்" என்ற சொற்றொடர் அக்காலந்தொட்டு எமது மேடைகளின் வாய்ப்பாடாயிற்று. வடக்கு, கிழக்கு, மலையகம், முஸ்லிம் மக்கள் ஆகிய அனைவரையும் ஒரு குடைக்கீழ் கொணரும் நல்ல சொல் அது. ஆனால் மாலையிலே மேடையில் "தமிழ்பேசும் மக்கள்" என்று முழங்கிய வாய், இரவு வீட்டுக்கு வந்து "தோட்டக்காட்டான்" என்று சொல்லுமாயின், அவ்விரண்டனுள் எதனை உண்மை என்று கொள்வது? மேடைப்பேச்சு ஆயத்தம் செய்து பேசுவது. வாய்ப்பழக்கமோ ஆயத்தமின்றி வருவது. மனம் எங்கே இருக்கிறது என்பதை அதுவே காட்டிக்கொடுக்கின்றது.

1977ஆம் ஆண்டு வன்செயலுக்கும் 1983ஆம் ஆண்டு வன்செயலுக்கும் தப்பி, தமிழ் மண் தம்மைத் தாங்கும் என்று நம்பி, மலையக மக்கள் பலர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வந்து குடியேறினர். அவர்கள் காடு வெட்டினர், வரம்பு கட்டினர், எமது வயல்களிலே நாற்று நட்டனர். ஆண்டுகள் பல சென்றபின்னரும் அவர்களுட் பலருக்குச் சொந்தக் காணியில்லை. ஆனால் "தோட்டக்காட்டான்" என்ற பெயர் மட்டும் அவர்கள் கேளாமலே அங்கும் தொடர்ந்து வந்தது. தோட்டத்தைவிட்டு நூறு கல் தொலைவுக்கு வந்த பின்னரும் தோட்டம் அவர்களை விடவில்லை. விடாமல் வைத்திருந்தவர்கள் நாம்.

பள்ளிக்கூடத்திலும் இது நிகழ்வதுண்டு. யாழ்ப்பாணத்திலே "பேசினார்" என்றால் ஏசினார் என்று பொருள். பேசுவதைக் கதைப்பது என்கிறோம். மலையகத்துப் பிள்ளை "டீச்சர் எங்கிட்ட பேசினாங்க" என்று மகிழ்ச்சியோடு சொல்ல, வடக்கிலிருந்து சென்ற ஆசிரியர், "யார் உன்னை ஏசினது?" என்று கேட்பார். இதுவரையில் அது சிரித்து மகிழத்தக்க மயக்கம். அதற்கு மேலும் சென்று, அப்பிள்ளையின் "ங்க" விகுதியை வகுப்பு முழுவதும் கேட்கப் பரிகசித்தால், அப்பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். மரியாதையைத் தன் வாக்கியந்தோறும் வைத்துப் பேசும் பிள்ளைக்கு மரியாதையே தெரியாத வாயினால் தமிழ் கற்பிப்பது எங்ஙனம்?

செய்யவேண்டியவை

வாய்ப்பழக்கத்தைச் சட்டத்தால் மாற்றமுடியாது, பழக்கத்தாலேயே மாற்றவேண்டும். முதலாவதாக, எமது வீடுகளிலும் கந்தோர்களிலும் வயல்களிலும் "தோட்டக்காட்டான்" என்ற சொல் பிறக்கும்போது, பிறந்த அந்தக் கணத்திலேயே அதைத் திருத்துவோம். சொன்னவர் பெரியவராயினும், "மலையகத்தார் என்று சொல்லுங்கள், ஐயா" என்று பணிவோடு சொல்லலாம். 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என இரு நிரல்களாக எம்மைப் பிரித்தது. மலையகத் தமிழர் என்பதோ அம்மக்கள் தாமே தமக்கு இட்டுக்கொண்ட பெயர். 2023இல், வருகையின் 200 ஆண்டை நினைந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள் அப்பெயரையே தாங்கி நடந்தனர். ஒருவரை அவர் விரும்பும் பெயரால் அழைப்பது நாகரிகத்தின் முதற்படியன்றோ?

இரண்டாவதாக, உழைப்பவரைப் பன்மையில் விளிப்போம். "நீங்கள்" என்று சொல்வதற்குப் பொருட்செலவு ஒன்றுமில்லை. வைத்தியர் தம் முன்னே வந்து நிற்கும் கொழுந்து பறிக்கும் பெண்ணை "அம்மா, இருங்கள்" என்று சொன்னால், அவர் மருந்தில் பாதி அச்சொல்லிலேயே கொடுத்தவராவார்.

மூன்றாவதாக, மலையகத்தின் கற்ற இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் முதியோரின் வாய்ச்சொற்களை எழுதி வையுங்கள். பொலி, மட்டக்கம்பு, கொந்தரப்பு, கைக்காசு, அரைப்பேர் ஆகிய சொற்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வரலாற்றுச் சாசனம். வெட்கப்பட்டு மறைக்கவேண்டியவை அவையல்ல. விடவேண்டியது கையைக் கட்டி நின்று சொல்லும் "சரிங்க" ஒன்றே. பணிவு வேறு, அச்சம் வேறு. பணிவைக் கைக்கொண்டு, அச்சத்தைத் தோட்டத்துக் கந்தோர் வாசலிலேயே விட்டுவிடுங்கள்.

முழுப்பேரா, அரைப்பேரா?

பொகவந்தலாவை முதியவரை மறந்தோமில்லை. 1988ஆம் ஆண்டில் நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியோருக்கும் வழிசெய்தது. முன்னைய சட்டம் வந்த காலத்திலே, அவர் பெயரும் வாக்காளர் இடாப்பில் ஏறியதென்று கேள்வியுற்றுக் காணச் சென்றோம். லயத்துத் திண்ணையிலே அமர்ந்திருந்தார்.

"தாத்தா, உங்களுக்குப் பேர் விழுந்துவிட்டதாமே!" என்றோம், அவர் சொல்லையே எடுத்து.

அவர் உடனே விடை சொல்லவில்லை. வாயிலிருந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்: "முழுப்பேருங்களா, அரைப்பேருங்களா?"

அன்று அதைக் கேட்டுச் சிரித்தோம். அவர் மறைந்து ஆண்டுகள் பல சென்றுவிட்டன. இன்று அக்கேள்விக்கு விடை தேடுகின்றோம். வாக்கு உண்டு, அது முழுப்பேரின் ஒரு பாதி. தலைமுறை தலைமுறையாகப் பண்படுத்திய மண்ணிலே ஒரு துண்டுக் காணிக்கு உறுதி இல்லாதோர் எத்தனை குடும்பத்தினர்! தம் வீட்டுக்கெனத் தனி விலாசமின்றி, தோட்டத்துக் கந்தோர் வழியே கடிதம் பெறுவோர் எத்தனை பேர்! மறுபாதி இன்னும் விழவில்லை. அதனை விழச்செய்வது அரசின் கடன்; கேட்டுப் பெறுவது மலையகத்தாரின் உரிமை.

எமது பங்கு அதற்கும் முந்தியது. நாட்டின் இடாப்பிலே முழுப்பேர் விழுவதற்கு முன்னர், எமது நாவிலே அவர்களுக்கு முழுப்பேர் விழட்டும்.